இருபதாம் தேதி, இரவு

மாதத்தில் முப்பது நாள் இருக்கலாம்,
எனக்கு ஒன்றுதான் தேதி.
கோவிந்தப்ப நாயக்கன் தெரு, இரண்டாவது மாடி.
கீழே பாத்திரக் கடை ஷட்டர் இறங்குகிற அதிர்வில்
டம்ளர்கள் ஒருமுறை சிலிர்த்து அடங்கும்.
மேலே நான்,
முப்பத்தொரு கடைகளின் பாஸ்வேர்டுகளோடு,
திரையில் சுற்றும் சிறு வட்டத்துக்குக் காவல்.
நாடு முழுக்க இந்நேரம்
இதே வட்டத்தை இதே பதைப்போடு
ஆயிரம் பேர் பார்த்திருப்பார்கள் என்பது
ஒரு மாதிரி துணை.

குடைக் கடை ஹிசாமுதீன் மாடியேறி வந்தார்.
கான்பூர்க்காரனிடம் வாங்கிய துணிக்கு
வரியும் சேர்த்துத்தான் கொடுத்தார். பில் இருக்கிறது.
அவன் கணக்குக் காட்டவில்லை.
ஆகவே இவர் கொடுத்தது கொடுத்ததாகாது.
"அப்ப என் பதினோராயிரம் எங்கேம்மா இருக்கு?"
வழியில் இருக்கிறது என்றேன்.
இத்தனை வருடத்தில் நான் கற்ற
ஒரே அரசு மொழி அது.

முன்பெல்லாம் அரசனுக்கு ஒரு வெண்குடை,
அதன் நிழலில் ஊரே இருந்ததாகச் சொல்வார்கள்.
இவர் கறுப்பில் விற்கிறார்,
நூற்றெண்பது ரூபாய், வரி உட்பட.

இன்னொரு முறை கட்டினார்.
வட்டம் நின்று பச்சை டிக் விழுந்தது.
பிரிண்டரிலிருந்து வந்த சலான் சூடாக இருந்தது.
நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்,
நெஞ்சுவலி மாத்திரை வைக்கிற பக்கம்.

இனி அந்தப் பணத்துக்கு முகம் கிடையாது.
யாரோ குளித்த சோப்பின் ஒன்றே கால் ரூபாயோடும்
யாரோ ஊற்றிய பெட்ரோலோடும்
ஒரே அண்டாவில் விழும்.
பிப்ரவரி முதல் தேதிக்கு மறுநாள் பேப்பரில்
ஒரு ரூபாயை வட்டமாக வரைந்து
ஊத்தப்பம் மாதிரி வெட்டிக் காட்டுவார்களே,
ராணுவத்துக்கு ஒரு துண்டு, மானியத்துக்கு ஒன்று,
மாநிலங்களுக்கு ஒன்று.
நமக்கு வந்தது சின்னது என்று
டீவியில் நாலு பேர் சண்டை போடுவார்கள்.
சின்னதுதான்.
பழைய கடனின் வட்டிக்கு மட்டும் ஐந்தில் ஒன்று.
அதைவிட,
மாவிலேயே கால் பங்கு இரவல்.

யாரிடம் இரவல் என்று
வேலையில்லாத ஒரு மத்தியானம் தேடிப் பார்த்தேன்.
வங்கிகள். எல்.ஐ.சி.
பிறகு பி.எஃப்.
என் பி.எஃப்!
ஞா. லோகாம்பாள், மாதம் ஆயிரத்து எண்ணூறு,
தில்லிக்குக் கடன் கொடுத்தவள்.
அன்று கடற்கரை ஸ்டேஷன் வரை
கொஞ்சம் நிமிர்ந்தே நடந்தேன்.
எனக்கு வரவேண்டிய வட்டியைத்தான்
ஹிசாமுதீனிடம் கறந்துகொண்டிருக்கிறேன் என்பது
மறுநாள் பல் தேய்க்கும்போது உறைத்தது.

பதினொன்றரைக்குப் பூட்டினேன்.
மூன்று கடை பாக்கி,
நாளைக்கு ஆளுக்கு ஐம்பது ரூபாய் அபராதம்.

தாம்பரம் வண்டி.
டிக்கெட்டின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது,
பயணச் செலவில் பாதிக்குச் சற்று மேல்தான்
நாம் கொடுக்கிறோமாம்.
மீதிக்கு யாரோ குடை விற்கிறார்கள்.

லேப்டாப் பையோடு ஒரு பையன், போனில், சத்தமாக:
"நம்ம வரியிலதான்டா மச்சான்
இவனுங்க எல்லாம் ஓசியில வாழுறானுங்க."

எதிர் சீட்டில் காலிப் பூக்கூடையோடு ஒரு பெண்.
அஞ்சு ரூபாய் பிஸ்கட்டைப் பல்லால் பிரித்தாள்.
இரண்டு தின்றாள்.
மிச்சத்தை உறையோடு சுருட்டி
கூடையின் ஈரச் சாக்குக்கு அடியில் செருகினாள்.
அந்த உறையில் அரசுக்கு எவ்வளவு என்று
என் விரல் தானாகத் தொடையில் தட்டிப் பார்த்தது.

"சைதாப்பேட்டை போயிடுச்சா, தம்பி?"

போனை இறக்காமல்
இல்லை என்று தலையாட்டினான்.